வல்லை வெளியில் தண்ணீர் வற்றத் தொடங்கும்போது

யாழ்ப்பாணத்தில் பறவை பார்க்க ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்த இடத்துக்குப் போகலாம்?" என்றுதான். "எந்த மாதம் போகப் போகிறீர்கள்?" என்று நான் திருப்பிக் கேட்பேன். இடத்தைவிட மாதம் முக்கியம். மாதத்தைவிட அந்த வருடத்து மாரி எப்படிப் பெய்தது என்பது முக்கியம். வல்லை வெளியையே எடுத்துக்கொள்ளுங்கள். கார்த்திகையில் பருத்தித்துறை வீதியின் இரண்டு பக்கமும் தண்ணீர் முட்டி நிற்கிறபோது பஸ் யன்னலால் பார்த்தால் ஒன்றிரண்டு கொக்கும் நீர்க்காகமும்தான் தெரியும். தை பிறந்து, மழை ஓய்ந்து, வெயில் ஏறி, கரையோரம் சேறு ஒரு சாண் இரு சாணாக வெளியே வரத் தொடங்கும் நாட்களில் அதே இடத்தில் இறங்கி நின்றால் எதை முதலில் பார்ப்பது என்று கண் அந்தரப்படும்.

நான் வடமராட்சியில் பிறந்து வளர்ந்தவன். வேலை யாழ்ப்பாண நகரத்தில். போகவும் வரவும் இந்த வெளியைத் தாண்டியே ஆகவேண்டும். அந்தப் போக்குவரத்தில்தான் இந்தப் பழக்கம் என்னோடு ஒட்டிக்கொண்டது. இப்போது மோட்டார் சைக்கிளில் எட்டு மடங்கு பெருக்கிக் காட்டும் பைனாகுலர் ஒன்று எப்போதும் இருக்கும். காலமை அரை மணித்தியாலம் முந்தி வெளிக்கிட்டால் அந்த அரை மணித்தியாலம் எனக்கு. வருடக்கணக்காய் இப்படிப் பார்த்ததில் எனக்குப் பிடிபட்ட ஒரு விஷயத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்: எங்கள் நீரேரிகளுக்குப் பறவையைக் கொண்டுவருவது தண்ணீர் அல்ல, தண்ணீர் வற்றுகிற விதம்.

குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு இல்லை. வழுக்கையாறு கூட மாரியில் மட்டும் ஓடி அராலிப் பக்கம் கடலில் விழுகிறது. எங்களுக்குக் கிடைக்கிற மழையில் பெரும்பகுதி ஐப்பசிக்கும் மார்கழிக்கும் இடையில் வாடைக்காற்றோடு கொட்டித் தீர்ந்துவிடும். வயலில் நின்ற வெள்ளமும் தரவை என்கிற உவர்ப் புல்வெளியில் நின்ற வெள்ளமும் வடிந்து நீரேரிக்குப் போகும். தொண்டைமானாற்றில் இருந்து தெற்கும் கிழக்குமாக நீண்டு கிடக்கும் வடமராட்சி நீரேரி, அரியாலைப் பக்கம் கடலைத் தொடும் உப்பாறு, ஆனையிறவில் இருந்து பண்ணை வரைக்கும் விரிந்த யாழ்ப்பாண நீரேரி, எல்லாம் அந்த நாட்களில் மழைநீரால் நிரம்பி உவர்ப்புக் குறைந்து கிடக்கும். பிறகு மழை நிற்கும். தண்ணீர் வெயிலுக்கும் காற்றுக்கும் நாளுக்கு நாள் குறையும். குறையக் குறைய உப்புக் கூடும். சித்திரை வைகாசியில் வல்லைப் பக்கம் நடந்தால் காலடியில் வெள்ளையாய் உப்புப் பூத்திருக்கும்.

எங்கள் கடலில் ஏற்ற இறக்கமும் பெரிதில்லை, இரண்டு அடி தேறினால் அதிகம். ஆனால் நிலம் அவ்வளவு தட்டை என்பதால் தண்ணீர் நாலு விரல் இறங்கினாலே சேறு பெரும் பரப்பில் வெளித்துவிடும். பலமாய்க் காற்று அடிக்கிற நாளில் ஒரு கரைத் தண்ணீரைக் காற்றே மறுகரைக்குத் தள்ளிவிடும். நேற்றுப் பறவை நின்ற இடத்தில் இன்றைக்கு ஒன்றும் இல்லை என்றால் காற்றுப் பக்கம் மாறிப் போய்ப் பாருங்கள்.

இப்படி மெல்ல வற்றுகிற தண்ணீரில்தான் பறவைகள் காலின் நீளத்துக்கு ஏற்ப வரிசை பிடிக்கின்றன. ஈரச் சேற்றில், தண்ணீர் காலில் படுகிறதும் படாததுமாக, கொசு உள்ளானும் உப்புக்கொத்தியும். கொசு உள்ளான் ஒன்றின் எடை முப்பது கிராமுக்கு உள்ளேதான். வடதுருவத்தை ஒட்டிய நிலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு இவ்வளவு தூரம் பறந்து வந்து எங்கள் சேற்றில் ஓடி ஓடிக் கொத்துகிறது. கொஞ்சம் உள்ளே, கணுக்கால் தண்ணீரில், சொண்டு கீழ்நோக்கி வளைந்த வளைமூக்கு உள்ளான், சிவந்த காலோடு பவளக்காலி. இன்னும் உள்ளே கருவால் மூக்கன். அதன் சொண்டு நேராய் நீண்டு இருக்கும், கண் வரைக்கும் முகத்தைத் தண்ணீருக்குள் அமிழ்த்திச் சேற்றைத் துழாவும். நெடுங்கால் உள்ளானுக்குக் கால்தான் உடம்பு, அது அதிகமாய்த் தண்ணீரின் மேற்பரப்பில் இருக்கிற பூச்சியைப் பொறுக்கும். கரண்டிவாயன் சொண்டைப் பாதி திறந்து இடமும் வலமும் வீசிக்கொண்டு நடக்கும். ஆழமான நடுவில் ஊசிவால் வாத்து தலை கீழாய்க் கவிழ்ந்து வாலை மேலே காட்டும். எல்லாம் ஒரே தண்ணீர், ஒரே சேறு. சண்டை அநேகமாய் இல்லை. ஒவ்வொன்றுக்கும் எட்டுகிற ஆழம் வேறு, சேற்றுக்குள் அகப்படும் புழுவும் ஊரியும் நண்டும் வேறு.

ஆழம் ஓரடி கூடினால் இந்த வரிசையில் பாதி அற்றுப்போகும். முழுக்கக் காய்ந்தாலும் அப்படித்தான். தையிலும் மாசியிலும் எங்கள் நீரேரிகளில் இருக்கிற அந்த நடுத்தர நிலைதான் இந்தப் பறவைகளுக்குச் சோறு. கரையோரம் கண்ணா மரமும் உமரிச் செடியும் பற்றிப்பிடித்துக்கொண்டு நிற்க, அதற்கு அப்பால் வெறும் சேறாகக் கிடக்கிற அந்தப் பரப்பை ஒன்றுக்கும் உதவாத இடம் என்று எங்கள் ஆட்கள் சொல்லக் கேட்டால் எனக்கு உண்மையாகவே மனம் நோகும்.

பூநாரையைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள், அதனால் அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லவேண்டும். பேஸ்புக்கில் வரும் படங்களில் அது இளஞ்சிவப்பு மேகமாய்ப் பறக்கும். எனக்கு அது பறப்பதைவிட சாப்பிடுவதைப் பார்க்கத்தான் விருப்பம். ஒருமுறை செம்மணிப் பக்கம் வீதிக்குக் கிட்டவே ஒரு சின்னக் கூட்டம் நின்றது. வெயில் முதுகுப் பக்கம், காற்று இல்லை. ஒரு பறவையை மட்டும் கண்ணாடியில் பிடித்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தேன். கழுத்தை நேர் கீழே இறக்கி, தலையைத் தலைகீழாய்த் திருப்பி, மேற்சொண்டு நிலத்தைப் பார்க்கும்படி தண்ணீரில் வைக்கிறது. பிறகு தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாய் அசைக்கிறது, அரிதட்டில் மா அரிக்கிற அதே அசைவு. அரிப்புத்தான் உண்மையில் நடக்கிறது. அதன் தடித்த நாக்கு விடாமல் முன்னும் பின்னும் அசைந்து தண்ணீரை உள்ளே இழுத்து வெளியே தள்ளும். சொண்டின் ஓரத்தில் இருக்கிற மெல்லிய தகடுகளில் சிற்றிறாலும் பூச்சிப் புழுவும் பாசித் துணுக்கும் தங்கும். சொண்டோரத்தில் தண்ணீர் நுரைத்து வழிவது தெரிந்தது. நடுவில் நின்ற இடத்திலேயே கால்களை மாறிமாறி மிதித்துச் சேற்றைக் கலக்கியது. அந்தக் கூட்டத்தில் சாம்பல் நிறத்தில் சிலதும் நின்றன. அவை வேறு இனம் இல்லை, இளம் பறவைகள். சிவப்பு நிறம் பிறவியில் வருவதில்லை, சாப்பாட்டில் இருக்கிற நிறப்பொருளால் வருடங்கள் கழித்து ஏறுகிறது.

பூநாரைகள் இலங்கையில் குஞ்சு பொரிப்பதில்லை. இந்தியாவின் குஜராத்தில், கட்ச் உவர்நிலத்தில் பொரித்துவிட்டு வருகின்றன என்பதுதான் பொதுவான கருத்து. எங்களுக்கு நேர் எதிரே, பாக்கு நீரிணைக்கு அப்பால் இருக்கிற கோடியக்கரையிலும் இதே காலத்தில் பூநாரைகள் இறங்கும்.

வல்லையில் எனக்குப் பழக்கமான ஒரு தொழிலாளி இருக்கிறார். அறுபது வயதுக்கு மேல். களங்கட்டி வலை வைத்து இறால் பிடிப்பவர். முதல் நாட்களில் என்னைக் கண்டால் வெளிநாட்டில் இருந்து வந்தவன் என்று நினைத்திருக்கிறார். இப்போது வலையைத் தட்டிவிட்டு வந்து குந்தி இருந்து கதைப்பார். நான் பிளாஸ்கில் கொண்டுபோகிற பிளேன்ரீ இரண்டு பேருக்கும்.

"தம்பி, உந்தத் தாரா நிக்கிற இடத்தில வலை வச்சுப் பிரியோசனமில்லை. அதுகள் சாதாளை தின்ன வந்ததுகள். கூழைக்கடா கூட்டமாய்ச் சேந்து எங்க தலையைத் தண்ணிக்குள்ள தாழ்க்குதோ, அங்க போய்ப் பாருங்கோ. மீன் அங்கதான்."

அவர் சொன்னது அப்படியே சரி. கூழைக்கடாக்கள் வளைவாய்ச் சேர்ந்து நீந்தி மீனை ஒதுக்கமான இடத்துக்குக் கலைத்துவிட்டுத்தான் அள்ளும். நாமத்தலை வாத்துகளோ தண்ணீருக்கு அடியில் இருக்கிற தாவரத்தை மேய்கிற சாதி. எந்தப் பறவை நிற்கிறது என்பதை வைத்துத் தண்ணீருக்குக் கீழே என்ன இருக்கிறது என்று அவர் கண்டுபிடிக்கிறார். தண்ணீரை வைத்துப் பறவையை நான் தேடுகிறேன். இரண்டு பேரும் வாசிப்பது ஒன்றைத்தான், தொடங்குகிற முனை மட்டும் வேறு.

"அப்புவின்ர காலத்தில தாரா சுட வெளியூரில இருந்தும் ஆக்கள் வருவினம்," என்று இன்னொரு நாள் சொன்னார். "இப்ப உது குற்றம்தானே?" குற்றம்தான். 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் திருத்தங்களோடு இன்றைக்கும் நடைமுறையில் இருக்கிறது. விதிவிலக்காய்ப் பெயர் குறிக்கப்பட்ட ஒரு சில இனங்கள் போக மற்றப் பறவைகள் எல்லாம் அதன் பாதுகாப்பில்தான். ஆனாலும் மாரி முடிகிற நாட்களில் அங்கங்கே இரவில் வலை கட்டித் தாரா பிடிக்கிற கதை காதில் விழாமல் இல்லை. வாங்கிச் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறவரைக்கும் பிடிக்கிறவர்களும் இருப்பார்கள். உங்கள் வீட்டுக்கு யாராவது கொண்டுவந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

வல்லை என் அன்றாடம். சுண்டிக்குளம் அப்படியில்லை, ஒரு முழு நாளை ஒதுக்கிப் போகவேண்டிய இடம். கண்டி வீதியால் கொடிகாமம், பளை தாண்டி, இயக்கச்சியில் கிழக்கே பிரிந்து கட்டைக்காட்டுக்குப் போய் அங்கிருந்து கடற்கரையை ஒட்டித் தெற்கே இறங்கவேண்டும். ஒரு பக்கம் பெருங்கடல், மறுபக்கம் நீரேரி, நடுவில் மணலும் பனையும் பற்றையும். 1938இல் சரணாலயமாய் அறிவிக்கப்பட்ட இடம், 2015இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டது. பரப்பு 19,000 ஹெக்டேயருக்கு மேல். கனகராயன் ஆறும் நெத்தலி ஆறும் வன்னிக் காடுகளின் மழைநீரைக் கொண்டுவந்து இந்த நீரேரியில்தான் விடுகின்றன. ஆற்றுத் தண்ணீர் வந்து சேர்வதால் வல்லையைவிட இங்கே உவர்ப்பு இடத்துக்கிடம் மாறும், அதனால் பறவையின் வகையும் கூடும். ஊசிவால் வாத்து, நாமத்தலை வாத்து, நீலச்சிறகி மூன்றும் மாரி முடிவில் பெருங்கூட்டமாய் நிற்பதை இங்கேதான் பார்க்கவேண்டும். சங்குவளை நாரையின் பின்புறத்து இளஞ்சிவப்பு இறகை வெறும் கண்ணாலேயே பார்க்கலாம்.

இந்த இடத்துக்குப் போகிற வழி முழுவதும் யுத்தத்தின் வழி. வெற்றிலைக்கேணியில் 1991இல் ஆமி கடலால் வந்து இறங்கியது. ஆனையிறவு 2000இல் ஒரு பக்கமும் 2009இல் மறுபக்கமும் கைமாறியது. இரண்டுக்கும் நடுவில், 2004 மார்கழியில் சுனாமி இந்தக் கரையின் ஊர்களைத் துடைத்துப் போட்டது. முகமாலையில் மிதிவெடி அகற்றுகிறவர்கள் வெயிலில் முழங்காலில் இருந்து மண்ணைத் தடவிக்கொண்டிருப்பதை எத்தனையோ தரம் பார்த்துக்கொண்டு போயிருக்கிறேன். இன்றைக்கும் அந்தப் பகுதியில் அறியாத ஒற்றையடிப் பாதையில் பறவையைத் தேடி இறங்கக் கூடாது. எச்சரிக்கைப் பலகை இருக்கோ இல்லையோ, ஊர்ச் சனம் நடக்கிற தடத்தில் மட்டும் நடவுங்கள்.

என்னுடைய அப்பா தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கிளாலிக் கடலால் இரவில் வள்ளத்தில் கடந்தவர். ஆனையிறவுப் பாதையும் பூநகரிப் பாதையும் அடைபட்டுக் கிடந்த காலம், குடாநாட்டுச் சனத்துக்கு வெளியே போக அந்த நீரேரிதான் வாசல். எத்தனையோ பேர் அந்தத் தண்ணீரில் செத்தார்கள். அப்பா அந்த இரவைப் பற்றி அதிகம் கதைக்கமாட்டார். நான் பறவை பார்க்கத் தொடங்கிய பிறகு ஒரு பின்னேரம் தானாகச் சொன்னார்: வள்ளம் போய்க்கொண்டிருக்கும்போது இருட்டுக்குள் எங்கேயோ ஒரு பெரிய கூட்டம் ஒரேயடியாய் எழும்பியதாம். செட்டைச் சத்தம் கேட்டு எல்லாரும் குனிந்து படுத்துவிட்டார்களாம், ஹெலி வருகிறது என்று. "பிறகுதான் தெரிஞ்சது தாரா எண்டு," என்றார். கிளாலிக் கரையில் நின்று பூநகரிப் பக்கம் பார்க்கும் போதெல்லாம் எனக்கு அந்தச் சத்தம் நினைவுக்கு வரும். அந்த வருடங்களிலும் இந்தப் பறவைகள் தவறாமல் வந்து போயிருக்கின்றன என்பது எனக்குப் பெரிய ஆறுதல். அதை வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

தொடங்கிய விஷயத்துக்கு வருகிறேன். அம்பாந்தோட்டையில் பூந்தலை என்று ஒரு இடம் இருக்கிறது. உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் 1990இல் இலங்கையில் இருந்து முதலாவதாகச் சேர்ந்த ஈரநிலம். பூநாரை என்றால் அந்த நாளில் தெற்குச் சனம் பூந்தலை என்றுதான் சொல்லும். இன்றைக்கு அங்கே பூநாரையைக் காண்பது அரிது. யாரும் சுட்டுத் துரத்தவில்லை, காட்டையும் வெட்டவில்லை, இடம் பூங்காவாகவே பாதுகாப்பில் இருக்கிறது. நடந்தது இவ்வளவுதான்: கிரிந்தி ஓயாவில் லுணுகம்வெஹெர நீர்த்தேக்கம் கட்டி வயல்களுக்குத் தண்ணீர் பாய்ச்சினார்கள். வயல்களில் இருந்து கழிந்த நன்னீர் வருடம் முழுவதும் எம்பிலிகல, மலல ஆகிய நீரேரிகளில் வந்து விழுந்தது. நீர்மட்டம் உயர்ந்தது, உவர்ப்பு விழுந்தது, உவர்நீரில் பெருகும் சிற்றுயிர்கள் குறைந்தன. பூநாரைகள் போய்விட்டன. ஆய்வாளர்கள் சொல்லும் முக்கிய காரணம் இதுதான்.

இந்தக் கதை யாழ்ப்பாணத்துக்கு ஏன் முக்கியம் என்று எங்கள் ஊரவருக்கு நான் விளக்கத் தேவையில்லை. "யாழ்ப்பாணத்துக்கு ஒரு ஆறு" என்று பொறியியலாளர் ஆறுமுகம் வரைந்த திட்டத்தைக் கேள்விப்படாமல் வளர்ந்தவர்கள் இங்கே குறைவு. ஆனையிறவு நீரேரியைக் கிழக்கே சுண்டிக்குளத்தில் அணைகட்டி மறித்து, வன்னி ஆறுகளின் தண்ணீரை அதற்குள் தேக்கி, முள்ளியானில் வெட்டுகிற வாய்க்காலால் வடமராட்சி நீரேரிக்கு விட்டு, தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் கதவு போட்டுக் கடலை மறித்தால் நாளடைவில் நீரேரிகள் நன்னீராகும், சுற்றியிருக்கும் கிணறுகள் தேறும் என்பது எண்ணம். தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணை வந்தது. முள்ளியான் வாய்க்கால் முடிவடையவில்லை. யுத்தத்தில் கதவுகள் பழுதாகிக் கிடந்து பின்னர் திருத்தப்பட்டன. இன்றும் ஒவ்வொரு ஆட்சியிலும் ஒருதரம் அந்தத் திட்டம் தூசி தட்டி எடுக்கப்படும்.

அந்தத் திட்டத்தை நான் எதிர்க்கிறவன் இல்லை. கிணறு உவராகிப்போன வீடு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். எங்கள் சுண்ணக்கல் நிலத்துக்குக் கீழே உவர்நீருக்கு மேலே மெல்லிய படையாய் மிதக்கிற மழைநீரைத்தான் நாங்கள் குடிக்கிறோம், அதைத்தான் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இறைக்கிறோம். இறைக்க இறைக்க உவர் மேலே ஏறும். தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2024இல் திறக்கப்பட்டபோது சந்தோசப்பட்டேன், அது நீரேரிகளின் மேல் இருக்கிற பாரத்தில் கொஞ்சத்தையாவது குறைக்கும் என்பதால். எனக்கு வேண்டியது, கதவைத் திறக்கவும் பூட்டவும் முடிவெடுக்கிறபோது சேற்றையும் ஒரு கணக்காய் எடுக்கவேண்டும் என்பது. இப்போது நெல்லுக்கு எத்தனை அடி தண்ணீர் என்ற கணக்கு இருக்கிறது, கிணற்றுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. தையில் எத்தனை ஏக்கர் சேறு வெளிக்கவேண்டும் என்ற கணக்கு அந்த மேசையில் இல்லை. முழு நீரேரியையும் வருடம் முழுக்க நன்னீராய் ஒரே மட்டத்தில் நிறுத்தினால் பூந்தலையில் நடந்ததை வல்லையிலும் பார்ப்போம். களங்கட்டிக்காரரும் இதையேதான் சொல்கிறார்: "தண்ணி கொஞ்சமெண்டாலும் கரிக்க வேணும், தம்பி. முழுக்க நல்லதண்ணியாப் போனா இறாலும் இல்லை, உவையும் இல்லை, நானும் இல்லை."

கதவை விடுங்கள், அதைவிட வேகமாய் நடப்பது வேறு. வீதியோரத்துத் தரவையில் இரவோடிரவாய்க் கட்டட இடிபாட்டைக் கொண்டுவந்து கொட்டி மட்டமாக்குவதும், குப்பை எரிப்பதும், பிறகு அதிலேயே எல்லைக் கட்டை நடுவதும். இதற்குப் பெரிய திட்டம் ஒன்றும் வேண்டாம். ஒரு டிப்பர் போதும்.

இன்னொன்று ட்ரோன். இதில் எனக்குக் கடும் கோபம் உண்டு. தண்ணீரில் நிற்கும் பூநாரைக் கூட்டத்துக்கு மேலே ட்ரோனை இறக்கி, அது கலைந்து எழும்புவதைப் படம் பிடித்துப் பாட்டோடு போடுகிறார்கள். அழகாய்த்தான் இருக்கிறது. ஆனால் அந்தப் பறவைக்கு மேலே வருவது ஒரு கடற்பருந்து. ஒவ்வொரு எழும்பலுக்கும் அது சேர்த்து வைத்த கொழுப்பில் ஒரு பங்கு போகிறது. மாசி பங்குனியில் இது இன்னும் பெரிய தீங்கு, ஏனென்றால் அந்த நாட்களில் அவை திரும்பிப் பறக்கக் கொழுப்பு ஏற்றிக்கொண்டிருக்கின்றன. அந்தப் பயணம் எவ்வளவு தூரம் என்பதை மன்னாரில் 2021இல் முதுகில் சிறு கருவி பொருத்தி விடப்பட்ட ஒரு கடற்காகம் காட்டித் தந்தது. கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 'மேகா' என்று பெயர் வைத்த அந்தப் பறவை இந்தியாவைக் கடந்து ரஷ்யாவின் வடதுருவக் கரைக்குப் போய், அங்கே கோடையைக் கழித்து, திரும்ப மன்னாருக்கே வந்தது. போக வர ஏறத்தாழ 19,000 கிலோமீற்றர். அப்படிப்பட்ட பயணத்துக்குத் தயாராகிறதைப் படத்துக்காகக் கலைக்க எவருக்கும் உரிமை இல்லை.

புதிதாய்ப் பார்க்க வருகிறவர்களுக்குச் சில விஷயங்கள். வல்லையில் காலமை நேரம் மேற்குப் பக்கத்தையும் பின்னேரம் கிழக்குப் பக்கத்தையும் பாருங்கள், வெயில் முதுகில் இருக்கவேண்டும். எதிர்வெயிலில் எல்லா உள்ளானும் கறுப்பு. தென்மராட்சியில் சரசாலைக் குருவிக்காட்டில் கண்டல் மரங்களுக்கு வந்து அடைகிற பறவைகளைப் பார்க்கப் பொழுதுபடுகிற நேரம் நல்லது, ஆனால் மரத்துக்குக் கிட்டப் போகாதீர்கள். 2011இல் திறந்த சங்குப்பிட்டிப் பாலத்துக்குப் போகிற வீதியில் வாகனத்தை ஓரமாய் நிறுத்தி உள்ளே இருந்தபடியே பார்க்கலாம். மனிதன் இறங்கி நடந்தால் பறக்கிற பறவை, கார்க் கதவு பூட்டியிருந்தால் அசையாது. நண்டுதின்னியைப் பார்க்க ஆசை என்றால் தீவகக் கரைகளில் பொறுமையாய்த் தேடவேண்டும். கறுப்பும் வெள்ளையுமாய், தடித்த சொண்டோடு, அராபியக் கரைகளில் மணலுக்குள் வளை தோண்டி முட்டை இடுகிற விசித்திரமான பறவை அது. கூட வந்த இளம் பறவை குளிர்காலத்திலும் தாய் தகப்பனிடம் கெஞ்சி நண்டு வாங்கித் தின்னும்.

வாத்துகள் எல்லாம் போன பிறகும் சித்திரையில் ஒருதரம் போய்ப் பாருங்கள். குளிர்காலம் முழுக்கச் சாம்பலாய் நின்ற வளைமூக்கு உள்ளான் அப்போது கழுத்தில் இருந்து வயிறு வரைக்கும் செங்கல் நிறத்துக்கு மாறியிருக்கும். அதே போல ஆவணியில், செல்வச்சந்நிதியில் கொடியேறிச் சனம் தொண்டைமானாற்றங்கரையில் கூடுகிற நாட்களில், ஆற்றின் மேற்பக்கத்துச் சேற்றில் முதல் உள்ளான்கள் திரும்ப வந்து இறங்கத் தொடங்கியிருக்கும். நேர்த்திக்கு வந்த சனத்தில் யாராவது ஒருவர் தலையைத் திருப்பிப் பார்த்தால் போதும், தெரியும்.

ஒவ்வொரு ஜனவரியிலும் ஆசியா முழுக்க நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. 1987இல் தொடங்கியது. இலங்கையில் அதை இலங்கைப் பறவைக் கழகம் ஒருங்கிணைக்கிறது. எண்ணுவதற்கு ஒரு முறை இருக்கிறது: கூட்டத்தின் ஓரத்தில் பத்துப் பறவையை ஒவ்வொன்றாய் எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் பதித்து, அந்த அளவால் மிச்சக் கூட்டத்தை அளந்துகொண்டு போகவேண்டும். பெரிய கூட்டம் என்றால் நூறு நூறாய். இரண்டு பேர் தனித்தனியாய் எண்ணிப் பிறகு ஒப்பிட்டால் நம்பலாம். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இதை எங்களைவிடக் கெதியாய்ப் பிடித்துக்கொள்கிறார்கள் என்பது நான் கண்கூடாய்ப் பார்த்தது.

எனக்கு இருக்கிற ஆசை இதுதான். தொண்டைமானாற்றுக் கதவு எந்தத் திகதியில் திறந்தது, எந்தத் திகதியில் பூட்டியது, அன்றைக்குத் தண்ணீர் எத்தனை அடி, உவர்ப்பு எவ்வளவு என்ற பதிவும், அதே நாட்களில் வல்லையிலும் கப்பூதிலும் சரசாலையிலும் எத்தனை பறவை நின்றது என்ற பதிவும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கவேண்டும். தொடர்ந்து சில வருடங்களுக்கு அப்படி இருந்தால், அடுத்தமுறை யாராவது வரைபடத்தை விரித்துக்கொண்டு வரும்போது சேற்றுக்காகக் கதைக்க எங்கள் கையிலும் ஒரு தாள் இருக்கும். அதற்கு மூன்று இடத்திலும் ஒரே காலமையில் நிற்க ஆட்கள் வேண்டும். வருகிற தையில் தொடங்க நினைக்கிறேன். பறவையின் பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை, அதை நான் சொல்லித் தருவேன். விடிய ஆறு மணிக்கு வல்லைச் சந்திக்கு வந்துவிடுங்கள், தொப்பியும் தண்ணீர்ப் போத்தலும் கொண்டு.